பிறர் நம்பித் தந்த எண்கள்



உங்கள் வீட்டுப் பிள்ளை புதிய செயலியொன்றை ஆக்கியிருக்கிறார் என வைத்துக்கொள்ளுங்கள். அதனை மக்களிடம் சேர்க்க அவர் முதலில் நாடுவது சமூக ஊடகங்களையே. செலவு குறைவு, வேகமோ அதிகம். அதில் நேர்வழியும் உண்டு, குறுக்குவழியும் உண்டு.

2010-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் இரு செயலிகள் தோன்றின. ஒன்று இன்ஸ்டாகிராம். அதில் எடுத்த படத்தை, விரும்பியவர் ஃபேஸ்புக்கிலும் அன்றைய ட்விட்டரிலும் வெளியிட முடிந்தது. படங்களைக் கண்டோர் செயலியைத் தேடி வந்தனர். அக்டோபரில் வெளிவந்த அது, டிசம்பரிலேயே 10 இலட்சம் பயனாளரைப் பெற்றது.

மற்றொன்று பாத். பயனாளரின் கைப்பேசியிலிருந்த முகவரிப் பட்டியல் முழுவதையும் அது கேளாமலேயே தன் கணினிகளுக்கு எடுத்துச் சென்றது 2012 பிப்ரவரியில் அம்பலமாயிற்று. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. சிறுவரின் விவரங்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டியதற்காக, 2013-இல் 8 இலட்சம் டாலர் அபராதம் செலுத்தவும் இணங்கியது. 2018-இல் அச்செயலியே மூடப்பட்டது.

முன்னதில் பயனாளர் தமக்குரியதைத் தாமே பகிர்ந்தார். பின்னதிலோ, பிறருக்குரியது அவரறியாமல் பறிபோயிற்று.

நம் கைப்பேசியிலுள்ள எண்கள், உற்றாரும் அண்டை வீட்டாரும் நம்மை நம்பித் தந்த அமானிதம் அல்லவா? 'உங்கள் தொடர்புகளைக் காண அனுமதி தருக' என எந்தச் செயலி கேட்டாலும் சற்று நிதானியுங்கள். செயலியை ஆக்கும் பிள்ளைக்கும் இதனை இன்றே சொல்லிவையுங்கள்: கேட்டுப் பெறு, கேளாமல் எடுக்காதே.