அல்கட்ராஸ்: பிரபலக் கைதிகள் மறைக்கும் கணக்கு

1963-ல் மூடப்பட்ட அல்கட்ராஸ் தீவுச் சிறையைப் பெரிதாக்கிக் கட்டி மீண்டும் திறக்கப் போவதாக 2025 மே மாதம் அறிவித்தார் அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப். மிகக் கொடிய குற்றவாளிகளை அங்கே அடைக்க வேண்டும் என்பது அவரது விருப்பம். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கும் அந்தப் பாறைத் தீவுக்கு இப்போது ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் படகேறிச் செல்கிறார்கள். அரசியல்வாதியையும் பயணியையும் ஈர்ப்பது ஒன்றே: அங்கே அடைபட்டவர்களின் கெட்ட பெயர். அந்தப் பெயர்களைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பயம் காட்ட ஒரு சிறை

அல்கட்ராஸ் முதலில் ராணுவத்தின் வசம் இருந்தது. 1895-ல் ஹோப்பி பழங்குடியினர் 19 பேர் அங்கே அடைக்கப்பட்டார்கள். பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தது அவர்கள்மீது சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று. முதல் உலகப் போரின்போது, மத நம்பிக்கையால் ராணுவச் சீருடை அணிய மறுத்தவர்கள் அங்கே வதைபட்டார்கள்.

1934-ல் அது மத்திய அரசின் சிறையானது. மதுவிலக்குக் காலத்தில் கொழுத்த கும்பல்கள், பொருளாதாரப் பெருமந்தம், வங்கிக் கொள்ளைகள் எல்லாம் சேர்ந்து, அரசின் பிடி தளர்ந்துவிட்டது என்ற எண்ணத்தை மக்களிடம் விதைத்திருந்தன. அட்டர்னி ஜெனரல் ஹோமர் கம்மிங்ஸுக்கு அதை மாற்றிக் காட்ட ஓர் இடம் தேவைப்பட்டது. நகரத்துக் கரையில் நின்றாலே கண்ணில் படும் தீவு அதற்குத் தோதாக அமைந்தது. காட்சிக்கு முகமும் வேண்டுமல்லவா? அந்த ஆகஸ்டிலேயே அட்லாண்டா சிறையிலிருந்து கும்பல் தலைவர் அல் கபோன் அழைத்துவரப்பட்டார். பத்திரிகையாளர்களை நிர்வாகம் உள்ளே விடவில்லை. ஆகவே கேள்விப்பட்டதெல்லாம் செய்தியானது. சிறையின் புகழ் இன்னும் வளர்ந்தது.

பெயர் ஒன்று, ஆள் வேறு

சிகாகோவை ஆட்டிப்படைத்த கபோனை நீதிமன்றம் தண்டித்தது கொலைக்காக அல்ல, வருமான வரி ஏய்ப்புக்காக. தண்டனை 11 ஆண்டுகள். அல்கட்ராஸில் அவர் நாலரை ஆண்டுகளே இருந்தார். சிறை இசைக்குழுவில் பேன்ஜோ வாசித்தார். சக கைதி ஒருவரிடம் கத்தரிக்கோலால் குத்துப்பட்டார். மேகநோய் முற்றி மூளை கலங்கிய நிலையில் 1939-ல் வெளியேறினார். எண்ணெய் அதிபர் சார்லஸ் அர்ஷெலைக் கடத்திய ‘மெஷின் கன்’ கெல்லி அங்கிருந்த 17 ஆண்டுகளில் பெரும்பாலும் அடங்கிய கைதியாகவே இருந்தார்.

‘அல்கட்ராஸின் பறவை மனிதர்’ என்று பெயரெடுத்த ராபர்ட் ஸ்ட்ரவுட் அல்கட்ராஸில் ஒரு பறவைகூட வளர்க்கவில்லை. சிறைக் காவலரைக் கொன்ற அவர் பறவைகளை வளர்த்ததும் அவற்றின் நோய்களை ஆராய்ந்து எழுதியதும் லெவன்வொர்த் சிறையில். 1942-ல் தீவுக்கு மாற்றப்பட்டபோது பறவைகளுக்கு அனுமதி இல்லை. 1962-ல் அவரைப் பற்றி பர்ட் லங்காஸ்டர் நடித்த படம் வந்த பிறகு உண்மை எடுபடவில்லை.

16 டாலர் கைதி

இந்தப் பிரபலங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 29 ஆண்டுகளில் 1,500-க்கும் மேற்பட்டோர் அங்கே அடைபட்டார்கள்; ஒரு சமயத்தில் சராசரியாக 260 முதல் 275 பேர். எந்த நீதிமன்றமும் ஒருவரை நேராக அல்கட்ராஸுக்கு அனுப்பவில்லை. மற்றச் சிறைகளில் அடங்காதவர்கள், தப்பிக்கப் பார்த்தவர்கள் என நிர்வாகம் கருதியவர்களே பெரும்பாலும் அங்கே மாற்றப்பட்டார்கள். குற்றத்தின் கொடுமையைவிட, கைதியைச் சமாளிப்பது கடினமா என்பதே அளவுகோலாக இருந்தது.

ஜோசப் பவர்ஸ் இதற்கு உதாரணம். தபால் கொள்ளை வழக்கில் அவருக்குக் கிடைத்தது 16 டாலர் 63 சென்ட். தண்டனையோ 25 ஆண்டுகள். மனநிலை சரியில்லாத அவர் 1936 ஏப்ரலில், குப்பை எரிக்கும் வேலையில் இருந்தபோது வேலியில் ஏறினார். காவலர் சுட்டதில் கீழே விழுந்து இறந்தார். தப்பிக்கும் முயற்சிகளின் பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் இருக்கிறது. தப்பிக்க நினைத்தாரா, சாக நினைத்தாரா என்ற சந்தேகம் தீரவில்லை.

யானையைக் கட்டித் தீனி போட்ட கதை

1962 ஜூனில் கைதிகளான பிராங்க் மோரிஸும் ஆங்லின் சகோதரர்களும் சுவரைக் குடைந்து, மழைக்கோட்டுகளால் செய்த மிதவையில் கடலில் இறங்கினார்கள். அதனால்தான் சிறை மூடப்பட்டது என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால், மூடும் முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டது. காரணம் பணம். தீவில் நன்னீர் கிடையாது. வாரந்தோறும் ஏறக்குறைய 10 லட்சம் காலன் தண்ணீர் படகில் போக வேண்டியிருந்தது. 1959-ல் அட்லாண்டா சிறையில் ஒரு கைதிக்கு நாளொன்றுக்கு 3 டாலர் செலவானது. அல்கட்ராஸில் 10 டாலர் 10 சென்ட். பழுதுபார்க்க மட்டும் 30 முதல் 50 லட்சம் டாலர் தேவை என்று கணக்கிட்டார்கள். அந்த யானையை அதற்கு மேல் கட்டிவைக்க அரசுக்குத் தெம்பில்லை.

அடங்காதவர்களை ஒரே இடத்தில் குவிக்கும் யோசனை மட்டும் சாகவில்லை. 1963-லேயே இல்லினாய் மாநிலத்தில் மேரியன் சிறை வந்தது. 1983-ல் அங்கே இரண்டு காவலர்கள் கொல்லப்பட்டதும், கைதிகளை நாளின் பெரும்பகுதி அறைக்குள்ளேயே பூட்டிவைக்கும் முறை நிலைபெற்றது. 1994-ல் கொலராடோவில் திறக்கப்பட்ட ஃபுளோரன்ஸ் சிறை அந்த முறைக்கென்றே கட்டப்பட்டது. ஆக, டிரம்ப் சொல்லும் கொடிய குற்றவாளிகளை அடைக்க அமெரிக்காவுக்குக் கடலும் தீவும் தேவைப்படவில்லை.

அப்படியானால் அல்கட்ராஸ் எதற்கு? 1934-ல் எதற்குத் தேவைப்பட்டதோ அதற்கேதான்: அரசு கடுமையாக இருக்கிறது என்று மக்களுக்குக் காட்ட. திட்டத்தை ஆதரிப்பவர்கள் கபோனைப் போன்ற பெயர்களைச் சொல்வார்கள். அவர்களிடம் கேட்க இரண்டு கேள்விகள் உண்டு. ஒரு கைதிக்கு நாளொன்றுக்கு எவ்வளவு செலவாகும்? பவர்ஸைப் போன்றவர்கள் எத்தனை பேர் அங்கே போவார்கள்? இரண்டுக்கும் பதில் வராதவரை, அது குற்றத்தடுப்புத் திட்டம் அல்ல, அரசியல் விளம்பரம்.