ஏர் கன் வாங்கறவங்க பவரை மட்டும் பாக்காதீங்க

ஏர் கன் வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லதுன்னு இந்த மாசத்துல மட்டும் மூணு பேர் கேட்டுட்டாங்க. எங்க வீட்ல ஒண்ணு இருக்கறது ஊருக்கே தெரியும், அதனால கேக்கறாங்க. மூணு பேரும் முதல்ல கேட்டது ஒரே கேள்விதான்: "எவ்வளவு பவர் வருங்க?" அந்தக் கேள்வியே தப்புன்னு எனக்குப் படுது.

முதல்ல சட்டத்தைச் சொல்லிடறேன். 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகள்படி, குழல் .177க்குள்ள, அதாவது 4.5 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். குண்டு குழலை விட்டு வெளிய வர்ற விசை 20 ஜூலைத் தாண்டக்கூடாது. அப்படி இருந்தா லைசென்ஸ் வேண்டாம். தாண்டினா வேணும். எங்க அப்பாரு லைசென்ஸ் வாங்கி ரெட்டைக்குழல் வச்சிருந்தவர். தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல கொண்டு போய் ஒப்படைக்கணும், முடிஞ்சதும் அலைஞ்சு திருப்பி வாங்கணும். அந்தத் தொல்லை இதுல இல்லை. ஆனா கடையில ஆதார் நகல் கேட்டா கொடுங்க, பில்லைப் பத்திரமா வைங்க. "ஸ்பிரிங் மாத்தித் தர்றேன், பவர் ஏறும்"னு சொல்ற ஆள்கிட்ட துப்பாக்கியைக் கொடுக்காதீங்க. 20 ஜூலைத் தாண்டிருச்சுன்னா உங்க கையில இருக்கறது லைசென்ஸ் இல்லாத ஆயுதம்.

இப்ப பவருக்கு வர்றேன். 2008ல பீஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, அந்த 10 மீட்டர் போட்டித் துப்பாக்கியோட விசை சுமார் 8 ஜூல்தான். கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் சுடறதும் அதே போட்டிதான். அந்த அட்டையில பத்துங்கற புள்ளி அரை மில்லிமீட்டர், பேனா முனையில வச்ச பொட்டு மாதிரி. அதை அடிக்க 8 ஜூல் போதும்னா, நம்ம களத்துல அட்டையைச் சுட 20 எதுக்கு?

பவர் கூடினா ஸ்பிரிங் கடினமாகும். குழலை மடக்க ஆம்பளைக்கே மூச்சு வாங்கும், பத்து தடவை சுட்டதும் கை நடுங்கும். அப்புறம் குறி எங்க இருந்து வரும்? வீட்ல எல்லாரும் சுடணும்னா, வீட்டுக்காரம்மாவும் பிள்ளைங்களும் சிரமம் இல்லாம மடக்கற மாதிரி இருக்கணும். கடைக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போய், மடக்கிப் பாக்கச் சொல்லி வாங்குங்க.

விலையைப் பொறுத்தவரை, குழலை மடக்கி ஸ்பிரிங் ஏத்தற ரகம்தான் நமக்குச் சரி. நம்ம நாட்ல செஞ்சதே ஐயாயிரத்துல இருந்து பத்தாயிரத்துக்குள்ள கிடைக்கும். காத்து அடைச்சு வச்சுச் சுடற பிசிபி ரகம் அருமையா இருக்கும், உதைக்காது. ஆனா அதுக்குத் தனி பம்பு வேணும், விலையும் பல மடங்கு. அந்தக் காசுக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கலாம். ஸ்பிரிங் ரகத்துல ரெண்டு விஷயம் கவனம்: குண்டு போடாம வெறுமனே சுடக்கூடாது, மடக்கி ஏத்தினபடியே வைக்கவும் கூடாது. இறுக்கிப் பிடிக்காதீங்க, அது பாட்டுக்குக் குதிக்கட்டும், அப்பத்தான் குண்டு ஒரே இடத்துல விழும். திருவிழாவுல பலூன் சுடற கடையில நாம தோத்தது கைக்கோளாறு மட்டும் இல்லை, அந்தத் துப்பாக்கியில குறி பாக்கற முள்ளே நேரா இருக்காது.

கேட்ட மூணு பேர்ல ரெண்டு பேருக்கு அட்டையெல்லாம் நினைப்புல இல்லை, மயில்தான். அக்கா மகன் நேராவே சொல்லிட்டான், "மாமா, நாலு மயிலைச் சுட்டா மத்தது வராது." நானும் நிலக்கடலை போட்டு, மயில் கிளறினதுல பாதி விதையை இழந்தவன்தான். கோவம் எனக்கும் இருக்கு. ஆனா 1972 வனவிலங்குச் சட்டத்துல மயில் முதல் பட்டியல்ல இருக்கு, குற்றம் நிரூபணம் ஆனா மூணு வருஷத்துக்குக் குறையாம ஜெயில். அது ஒரு பக்கம். இந்தத் துப்பாக்கியால மயில் அந்த இடத்துலயே சாகறது அபூர்வம். குண்டை உடம்புல வாங்கிட்டு வேலி ஓரமா போய் நாலஞ்சு நாள் கிடந்து சாகும். பன்னியைச் சுட்டா அது நம்ம மேலதான் பாயும். பயிர்ச்சேதத்துக்கு விஏஓகிட்டயும் வனத்துறையிலயும் மனு கொடுங்க. பணம் வர நாளாகும்தான், ஆனாலும் மனு கொடுக்கறதுதான் வழி. மாப்பிள்ளைகிட்ட, மயிலுக்குன்னா வாங்காதேன்னு சொல்லிட்டேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டுப் போயிட்டான், இன்னும் பேசலை.

வீட்ல வாங்கினா சுடற இடத்தை முதல்ல முடிவு பண்ணுங்க. அட்டைக்குப் பின்னாடி மண் மூட்டை ரெண்டு வரிசை இருக்கணும். கல், இரும்புத் தகரம், சிமெண்ட் சுவரைச் சுட்டா குண்டு திரும்பி வரும். பக்கத்து ஊர்ல ஒரு பையனுக்கு அப்படித்தான் கண்ணுக்கு அடியில பட்டுது, ஒரு விரக்கடை மேல போயிருந்தா பார்வை போயிருக்கும். வெல்டிங் சாமான் கடையில வெள்ளைக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கங்க, நூறு இருநூறு ரூபாய்தான். தவறிப்போன குண்டு இருநூறு, முந்நூறு மீட்டர் கூடப் போகும், அதனால மூட்டைக்குப் பின்னாடி பாதையோ வீடோ இருக்கக்கூடாது. கட்டுத்தரைப் பக்கம் சுடவே வேண்டாம், குண்டு ஈயம். தீவனத்தோட மாடு வயித்துக்குள்ள போனா விஷம். நாமளும் சுட்டு முடிச்சு சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் சாப்பிடணும்.

துப்பாக்கி பீரோவுல, குண்டு டப்பா வேற இடத்துல. சாவி பெரியவங்க ஒருத்தர்கிட்ட. எங்க வீட்ல அது அம்மணிகிட்ட இருக்கு, நானே கேட்டுத்தான் வாங்கணும்.

குண்டு செலவு பெருசா இல்லை. அட்டைக்குக் காசே வேண்டாம், வைகாசி முகூர்த்தத்துல வந்த பத்திரிகையெல்லாம் சேத்து வச்சிருக்கோம். பின்பக்கம் வெள்ளையா இருக்கும், ஒரு ரூபாய்க் காசை வச்சு வட்டம் போட்டா போதும்.