சம்பளமில்லாத தொண்டும் வீஸாச் சட்டமும்

வெளிநாடொன்றில் சில மாதங்கள் தொண்டராகப் பணியாற்றி வரவேண்டும் என்ற ஆர்வம் எமது இளைஞர், யுவதிகளிடையே காணப்படுகின்றது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருப்போரும், பட்டம் பெற்றும் தொழிலின்றி இருப்போரும் இதில் நாட்டங்கொள்வது இயல்பானதே. ஆயினும், சம்பளம் பெறாத சேவைக்கு வேலை வீஸா எதற்கு, சுற்றுலா வீஸாவே போதுமானது என்ற எண்ணமும் இந்த ஆர்வத்துடன் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றது. இது ஆபத்தான எண்ணமாகும்.

ஊதியம் உண்டா, இல்லையா என்பதைக் குடிவரவுச் சட்டங்கள் பல சமயங்களில் இரண்டாம் பட்சமாகவே நோக்குகின்றன. உள்நாட்டவர் செய்யக்கூடிய வேலையொன்றை வெளிநாட்டவர் செய்கின்றாரா என்பதே அவற்றின் கவலை. இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் செல்லத் தேவையில்லை. இலங்கைக்கு வரும் உல்லாசப் பயணியின் வீஸாவே, சம்பளத்துடனோ சம்பளமின்றியோ எத்தொழிலிலும் ஈடுபடலாகாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. விடுமுறையில் வந்து வன்னிப் பாடசாலையொன்றில் ஆங்கிலம் கற்பிக்கும் புலம்பெயர் இளைஞர்களுள் எத்தனை பேர் இதனை அறிந்திருப்பர்?

நாட்டுக்கு நாடு விதி வேறுபடுகின்றது. நேபாளத்தில் சுற்றுலா வீஸாவுடன் தொண்டுப் பணி செய்வதற்கு இடமில்லை. இந்தியா, எவ்விதக் கொடுப்பனவும் பெறாத தொண்டினை ஒரு மாதத்துக்கு மேற்படாமல் சுற்றுலா வீஸாவில் அனுமதிக்கின்றது. பிரித்தானியாவுக்கு வருகையாளராகச் செல்பவர், பதிவு செய்யப்பட்ட அறநிலையம் ஒன்றில் மொத்தம் 30 நாட்கள் வரையே பணியாற்றலாம். அதற்கு மேற்படின், உரிமம் பெற்ற நிறுவனமொன்றின் அனுசரணையுடன் வழங்கப்படும் அறப்பணியாளர் வீஸா அவசியம். அமெரிக்காவோ, அங்கீகாரம் பெற்ற சமய அல்லது இலாபநோக்கற்ற அமைப்பின் தொண்டுத் திட்டமொன்றில் பங்குபற்றுவோரை பீ-1 வீஸாவில் ஏற்கின்றது. அவர்கள் அங்கே சம்பளம் பெறவோ நன்கொடை திரட்டவோ முடியாது.

இவ்விதிகளைப் புறக்கணிப்பதன் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. வசதிபடைத்த நாடொன்றின் கடவுச்சீட்டை வைத்திருப்பவர் திருப்பியனுப்பப்பட்டால் ஒரு விடுமுறையை இழப்பார். இலங்கைக் கடவுச்சீட்டுடன் செல்பவர் எதிர்காலத்தையே இழக்க நேரிடலாம். விண்ணப்பத்தில் பொய்யுரைத்தமை நிரூபணமானால் பிரித்தானியா 10 வருடங்கள் வரை கதவடைக்கும். அமெரிக்கா ஆயுட்காலத் தடையே விதிக்கலாம். எனவே, அழைப்புக் கடிதத்திலும் வீஸா விண்ணப்பத்திலும் பயணத்தின் நோக்கம் ஒரேவிதமாக எழுதப்பட்டிருப்பது மிக முக்கியமானது. "தொண்டு என்று சொல்லாதீர்கள், சுற்றுலா என்று சொல்லுங்கள்" என ஆலோசனை கூறும் அமைப்புடன் அத்தோடு தொடர்பை முடித்துக்கொள்வதே நல்லது. விமான நிலையத்தில் கைத்தொலைபேசியும் சோதிக்கப்படும் காலம் இது.

ஜேர்மனியின் தொண்டாண்டுத் திட்டங்கள் தனியாக நோக்கப்பட வேண்டியவை. அங்கு சமூகத் தொண்டாண்டு என்றும், 2011 இல் ஆரம்பிக்கப்பட்ட கூட்டாட்சித் தொண்டர் சேவை என்றும் சட்டபூர்வமான ஏற்பாடுகள் உள்ளன. முதியோர் இல்லம், வைத்தியசாலை போன்றவற்றில் பணிபுரிபவருக்குக் கைச்செலவுப் பணம் வழங்கப்படுவதுடன், மருத்துவக் காப்புறுதிக்கும் அங்கேயே ஏற்பாடு செய்யப்படுகின்றது. நிலைமை இவ்வாறிருக்க, இடைத்தரகர் ஒருவர் இதற்கென இலட்சக்கணக்கில் பணம் கேட்பாராயின், அது எதற்கான பணம் என்று வினவ வேண்டும். 90 நாள் ஷெங்கன் வீஸாவில் சென்று அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்ற கதையையும் நம்புதல் கூடாது. ஐக்கிய நாடுகள் தொண்டர் அமைப்பு விண்ணப்பதாரரிடம் எக்கட்டத்திலும் கட்டணம் அறவிடுவதில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

சேருமிடத்தின் தன்மையையும் விசாரித்தறிய வேண்டும். நேபாளத்தில் பெற்றோர் உள்ள பிள்ளைகளே கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்டு, வெளிநாட்டுத் தொண்டர்களின் பணத்துக்காக அநாதைகளாகக் காட்டப்பட்ட சம்பவங்கள் அம்பலமாகியுள்ளன. நல்லெண்ணத்துடன் சென்றவர்களே அவ்வியாபாரத்தின் வாடிக்கையாளர்களாயினர் என்பது வேதனைக்குரியது.

புறப்படுமுன் ஒப்பந்தத்தை எழுத்தில் பெற்று, அதன் பிரதியொன்றை வீட்டில் ஒப்படைத்துச் செல்லல் வேண்டும். நோயுற்றால் நாடு திரும்பும் செலவையும் உள்ளடக்கிய காப்புறுதி அவசியம். கடவுச்சீட்டை எவரிடமும் ஒப்படைக்கலாகாது. 2022 இல் வெளிச்சத்துக்கு வந்த ஓமான் விவகாரத்தில், எமது பெண்கள் வருகை வீஸாவிலேயே அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். அன்று வீட்டுப்பணி என்று காட்டப்பட்ட ஆசை, நாளை தொண்டு என்ற பெயரிலும் காட்டப்படலாம்.

அனுமதிப்பத்திரமின்றி வெளிநாட்டு வேலைக்கு ஆட்சேர்ப்பதை 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கின்றது. "இது வேலையல்ல, தொண்டு" என்று கூறி இச்சட்டத்திலிருந்து நழுவுவதற்கு எவருக்கும் இடமளிக்கப்படக் கூடாது. பணம் பெற்றுத் தொண்டர்களை அனுப்புவோருக்கும் அனுமதிப்பத்திரம் தேவையா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் தெளிவாக, தமிழிலும், அறிவிக்க வேண்டும்.