முதல் மவுத் ஆர்கன் பத்துத் துளையாக இருக்கட்டும்

பிள்ளைக்கு மவுத் ஆர்கன் வாங்கப் போகிறோம், எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிற பெற்றோர் பலர். நீளத்தைப் பார்த்து வாங்காதீர்கள் என்பேன். நம் கடைகளில் முதலில் எடுத்துக் காட்டுவது 24 துளை ட்ரெமோலோ. ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடு, அதாவது மூச்சில் அதிரும் உலோக நாக்கு. ஒன்றின் சுருதியைச் சற்றே கூட்டி வைத்திருப்பார்கள். அதனால்தான் அந்த அலையலையான நடுக்கம். கேட்க இனிமைதான், ஆனால் சுரத்தை வளைக்க அது இடம் கொடுக்காது. அதற்குப் பத்துத் துளைதான் வேண்டும்.

ஜெர்மனியின் ட்ரோஸிங்கன் ஊரில் மத்தியாஸ் ஹோனர் என்ற கடிகாரத் தொழிலாளி 1857இல் தொடங்கிய நிறுவனம், 1896இல் மரைன் பேண்ட் என்ற மவுத் ஆர்கனைக் கொண்டுவந்தது. இன்றும் அது விற்பனையில் இருக்கிறது. பத்துத் துளை, இருபது ரீடு. உள்ளங்கையில் அடங்கிவிடும்.

சி ஸ்கேல் மரைன் பேண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் துளையில் ஊதினால் ச, இழுத்தால் ரி. இரண்டாவதில் ஊதினால் க, இழுத்தால் ப. மூன்றாவதில் ஊதினால் ப, இழுத்தால் நி. மத்யமமும் தைவதமும் எங்கே? கீழ் ஸ்தாயியில் அவை கிடையாது. நாட்டுப்பாடல்களுக்குத் துணையாக மூன்று நான்கு துளைகளைச் சேர்த்து ஊதினாலும் இழுத்தாலும் கார்டு பேச வேண்டும் என்பதற்காக அவற்றை விட்டுவிட்டார்கள்.

ஆனால் சுரத்தை வளைத்து அவற்றை வரவழைக்கலாம். இரண்டாம் துளையை இழுத்துக்கொண்டே நாக்கைப் பின்னுக்குத் தள்ளி, வாய்க்குள் இடத்தைப் பெரிதாக்குங்கள். பஞ்சமம் வழுக்கி இறங்கி மத்யமத்தில் நிற்கும். மூன்றாம் துளையில் நிஷாதம் தைவதமாகும். சங்கராபரணம் முழுதாகிவிட்டது! அந்த வழுக்கலைக் கேட்டால், கமகம் பழகிய நம் காது உடனே நிமிர்ந்து உட்காரும். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் இந்த வளைவின் மேல்தான் ப்ளூஸ் மவுத் ஆர்கனையே கட்டினார்கள். சிகாகோவின் லிட்டில் வால்டரை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். செய்தவர்கள் எதிர்பாராத இசை அது.

பன்னிரண்டு சுரமும் தரும் க்ரோமாட்டிக்கையே நேராக வாங்கலாமே என்பார்கள். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு சுரமும் அரைச் சுரம் ஏறும். 16 துளை மாடலில் நான்கு ஸ்தாயி, 64 ரீடு. ஸ்டீவி வொண்டர் கையில் அது அற்புதம். ஆனால் விலை பல மடங்கு, பராமரிப்பும் அதிகம். மூச்சு பழகாத பிள்ளைக்கு அது இரண்டாவது கருவியாக இருக்கட்டும். பத்துத் துளை சிறியது என்று தயங்கவும் வேண்டாம். 1965 டிசம்பரில் ஜெமினி 6 விண்கலத்தில் விண்வெளி வீரர் வால்டர் ஷிரா வாசித்தது, ஹோனரின் நான்கே துளையுள்ள லிட்டில் லேடியை.

ஹோனர்தான் வேண்டும் என்றில்லை. ஸைடல், சுஸுகி, டோம்போ என்று நல்ல தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். கடைக்காரர்களே, பத்துத் துளை சி ஸ்கேலையும் கண்ணில் படும்படி வையுங்கள். பெற்றோர்களே, கேட்டு வாங்குங்கள்.