மட்டக்குதிரையும் மாதக் கணக்கும்

நம் ‘குடும்பமும் கணக்கும்’ பகுதியில் இதுகாறும் அரிசி, பருப்பு, பள்ளிக் கட்டணம், ஊர்ப் பயணச் செலவு ஆகியவற்றைப் பற்றியே பேசி வந்தோம். இம்மாதம் மட்டக்குதிரையைப் பற்றிப் பேசப் புகுந்தது கண்டு அன்பர்கள் சிலர் நகைக்கக் கூடும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர், குதிரையைக் கட்ட இடமேது என்று கேட்பர். ஆயினும் நம்மவர் எல்லாரும் மாநகரங்களில் இல்லை. பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் சிறு ரயில் நிலையங்களை அடுத்த கிராமங்களில், பின்புறம் சிறிது வெட்டவெளியும் ஒரு கைப்பம்பும் உடைய வீடுகளில் குடியிருப்போரும் உளர். அவ்வீட்டுக் குழந்தைகள் முதலில் கேட்பது நாய்க்குட்டி; அடுத்துக் கேட்பது, தெருவில் நாள்தோறும் காணும் மட்டக்குதிரை. வாங்கித் தரலாமா, கூடாதா என்று பெற்றோர் நம்மிடம் கேட்பதுண்டு. ஒரு ஜீவனின் நெடிய ஆயுளும் ஒரு குடும்பத்தின் மாத வருவாயும் இதற்குச் சொல்லும் விடையில் அடங்கியிருப்பதால், இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

தோளுயரம் ஏறத்தாழ 147 சென்டிமீட்டருக்கு மேற்படாத குதிரையையே பொதுவாக மட்டக்குதிரை என்பர். நன்கு பேணினால் அது 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். பத்து வயதுப் பையனுக்கென ஐந்து வயதுக் குட்டையினக் குதிரை ஒன்றை வாங்கினால், அவன் படித்து, உத்தியோகம் பெற்று, மணமுடித்து வேற்றூர் சென்ற பின்னும் அது கொட்டகையில் நின்று தீவனம் கேட்கும். வாங்கும் விலை ஒரு நாளைச் செலவு. காப்பாற்றும் செலவோ ஒரு தலைமுறைச் செலவு. இவ்வேறுபாட்டை எண்ணாமல் விலையை மட்டும் பேரம் பேசுவோரே பிற்பாடு இடர்ப்படுகின்றனர்.

நாட்டில் இப்பிராணியின் நிலையையும் அறிந்துகொள்ளுதல் நன்று. 2012-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து ஏறத்தாழ 6.25 லட்சம் இருந்தன. 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை ஏறத்தாழ 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டது. மோட்டார் வாகனங்களும் அவற்றின் பின் வந்த பேட்டரி ரிக்ஷாக்களும் டாங்கா வண்டியின் சவாரியைப் பறித்துக்கொண்டன. சவாரி குறைந்த வீட்டில் முதலில் குறைவது குதிரையின் தீவனமே. ஆகையால் இன்று கிராமத்தில் மட்டக்குதிரையை வைத்திருப்பது என்பது, அன்பும் கணக்கும் ஒன்றையொன்று தாங்கினாலன்றி நடவாத காரியம்.

முதலில் கணக்கு. விலைவாசி ஊருக்கு ஊர் மாறுவதால் நாம் இங்கே அளவையே கூறுகிறோம். அவரவர் ஊர் விலையால் பெருக்கிக்கொள்க. மட்டக்குதிரைக்கு அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்தீவனம் நாள்தோறும் தேவை என்பது பொது விதி. 200 கிலோ எடையுள்ளதற்கு நாளொன்றுக்கு 4 கிலோ. மாதத்திற்கு 120 கிலோ. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,460 கிலோ. பச்சைப் புல்லில் பெரும்பங்கு நீரே ஆதலால், புல்லாகவே கொடுப்பின் நாளொன்றுக்கு 16 முதல் 20 கிலோ வரை வேண்டும். குளிர்ந்த நாளில், உழைப்பில்லாதபோது 10 லிட்டர் நீர் போதும். கோடையில் உழைத்தால் அதனினும் இரு மடங்கோ மேலோ குடிக்கும். குளம்பை ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு முறை சீவி, தேவையாயின் லாடம் மாற்ற வேண்டும். எனவே ஆண்டுக்கு ஏழு முதல் ஒன்பது முறை நால்பந்த், அதாவது லாடக்காரர், வீட்டிற்கு வருவார். குதிரை இனத்தை இழுப்பு இசிவு நோய் எளிதில் பற்றுவதால் அதற்கான தடுப்பூசியும், குடற்புழு மருந்தும் தவிர்க்க முடியாத செலவுகள். இவ்வாண்டுச் செலவுகளை எல்லாம் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, மாதந்தோறும் அத்தொகையைத் தனியே எடுத்து வைப்பதே முறை. செலவு நேரும் மாதத்தில் தேடிக்கொள்ளலாம் என்றிருந்தால், அம்மாதம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தின் மீதே கை போகும்.

இனி அன்பு. ‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்’ என்று குதிரையைப் பழித்து நம் முன்னோர் பழமொழி கூறினர். கடிவாளத்திற்கும் தானாகவே வாயைத் திறக்கும் குதிரை உண்டு. அத்தகைய நம்பிக்கை கொள்ளால் மட்டும் விளைவதன்று. குதிரை பிற விலங்குகளுக்கு இரையாகும் இனத்தில் பிறந்தது. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் உள்ள யாவற்றையும் காணும். ஆனால் நேர் பின்புறமும் நெற்றிக்கு நேர் முன்புறமும் அதற்குத் தெரியா. ஆகையால் பின்னாலிருந்து ஓசையின்றி நெருங்குதல் ஆகாது. பெயரிட்டு அழைத்துக்கொண்டே பக்கவாட்டில் வந்து, தோள்மீது கை வைக்க வேண்டும். குதிரைகள் ஒன்றையொன்று பிடரியின் அடியில், தோள் எழும்பும் இடத்தில், பல்லால் சொறிந்துகொள்வதைக் கண்டிருப்பீர்கள். அவ்விடத்தில் சொறிந்துவிட்டால் குதிரையின் இதயத் துடிப்பு தணிகிறது என்று ஆராய்ச்சியாளர் அளந்து கண்டுள்ளனர். ஒரு பிடி வைக்கோலும் ஒரு தடித்த துணியும் கொண்டு நாள்தோறும் கால்மணி நேரம் உடலைத் தேய்த்துவிடுதல், காசு செலவில்லாத உபசாரம்.

ஆனால் நம் வீடுகளில் அன்பு காட்டுதல் என்றால் ஊட்டுதல் என்றே பொருள் கொள்கிறோம். விருந்தினருக்கு அது பொருந்தும், குதிரைக்குப் பொருந்தாது. அதன் இரைப்பை உடலளவை நோக்கச் சிறியது. உண்டதைக் கக்கவும் அதனால் இயலாது. பண்டிகை நாளில் மிஞ்சிய சோற்றையும் பூரியையும் இனிப்பையும் வாரிக் கொடுத்தால் வயிற்று வலி கண்டு உயிருக்கே ஆபத்தாகும். தானியம் மிகுந்தால் குளம்பின் உட்புறம் அழற்சி கண்டு நடக்கவே முடியாமற் போவதும் உண்டு. மட்டக்குதிரைகளுக்கு அந்நோய் எளிதில் வரும். சிறிது சிறிதாக, பல வேளை, ஒரே நேரத்தில், பெரும்பாலும் ஒரே கையால் தீவனம் கொடுத்தலே அதன் மொழியில் அன்பாகும். தீவனத்தை மாற்ற வேண்டின் ஒரே நாளில் மாற்றாமல், வாரக் கணக்கில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்ற வேண்டும்.

இவ்விரண்டும் ஒரு வீட்டில் எவ்வாறு சேர்ந்து நடந்தன என்பதற்கு நாம் அறிந்த குடும்பம் ஒன்றைக் கூறுவோம். நாம் பணிபுரியும் நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிராமத்தில், அவ்வூர்க்காரரான டாங்காக்காரர் ஒருவர் வாழ்கிறார். பேட்டரி ரிக்ஷாக்கள் வந்தபின் அவர் வண்டியில் ஏறுவோர் குறைந்தனர். கார்த்திகைப் பௌர்ணமியில் கண்டகி நதி கங்கையோடு கூடும் சோன்பூரில் நடக்கும் சந்தைக்குக் குதிரையை ஓட்டிச் சென்று விற்றுவிடும்படி உறவினர் வற்புறுத்தினர். எட்டாம் வகுப்பு வரை படித்த அவர் மனைவியோ, இரண்டு மாதம் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டு, மகளின் பழைய நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் வரவும் வலப்பக்கம் செலவும் எழுதத் தொடங்கினார்.

எழுதிப் பார்த்ததில் இரண்டு உண்மைகள் புலப்பட்டன. சவாரி வரும் நாளுக்கும் வாரா நாளுக்கும் வருவாய் ஏறி இறங்க, குதிரையின் தீனி மட்டும் மாறாதிருந்தது. பூசா எனப்படும் கோதுமை வைக்கோல் துண்டை மழைக்காலத்தில் கூடை கூடையாக வாங்கியதால், அறுவடைக் காலத்து விலையை விட மிகுதியாகக் கொடுத்து வந்தனர். இவ்விரண்டுக்கும் அந்த அம்மையாரே வழி கண்டார். காலைப் பாசஞ்சர் வண்டிக்குப் பால் அனுப்பும் அண்டை வீட்டாரிடம் பேசி, அவர்களுடைய பால் கேன்களை எல்லாம் தம் டாங்காவிலேயே நிலையத்திற்குக் கொண்டுவர மாத வாடகை பேசிக்கொண்டார். சவாரி வரினும் வாராவிடினும் அவ்வாடகை குதிரையின் தீவனத்திற்கு ஈடாயிற்று. வைக்கோலைச் சித்திரை மாதத்தில், கோதுமை அறுவடை முடிந்தவுடன், ஆண்டு முழுமைக்கும் வாங்கி அடைத்தனர். குளிர்காலத்தில் வயலோரம் விதைத்த பர்சீம் புல் உதவிற்று. தூப் என்று அப்பகுதியார் அழைக்கும் அருகம்புல்லை மாலைதோறும் மகளே அறுத்து வந்தாள். லாடத்திற்கும் மருந்துக்குமான மாதத் தொகை ஒரு பழைய தகர டப்பாவில் விழுந்தது. வீட்டில் எத்தேவை நேரினும் அதைத் தொடுவதில்லை என்று தம்பதியர் உறுதி செய்துகொண்டனர்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் விடியற்காலையில், தேய்ப்பதற்குத் துணியுடன் சென்ற மகள், குதிரை வழக்கம்போல் வாயிற்படல் வரை வந்து நில்லாததைக் கண்டாள். இரவு வைத்த தீவனம் அப்படியே இருந்தது, சாணமும் இல்லை. குதிரை அடிக்கடி தன் விலாப்பக்கம் திரும்பிப் பார்த்தது; முன்காலால் தரையைப் பறித்தது. அவள் உடனே தாயை எழுப்பினாள். ஈரம் பட்டுப் பூஞ்சணம் பூத்த பூசாவே காரணம் என்று வந்த மருத்துவர் கண்டார். டப்பாவில் பணம் இருந்தமையால் கடன் கேட்டு எவர் வாயிலிலும் நிற்க நேரவில்லை; காலத்தில் கண்டமையால் குதிரையும் பிழைத்தது. நாள்தோறும் கால்மணி நேரம் அதன் அருகில் நின்றவளுக்கன்றி, அவ்வேளையில் அம்மாற்றம் வேறெவர் கண்ணுக்கும் பட்டிராது. குதிரையின்பால் உள்ள பற்று நோயை முற்படக் காட்டியது. கணக்கு மருந்தை வாங்கித் தந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருப்பினும் அக்குடும்பம் அவ்வாண்டு குதிரையை இழந்திருக்கும். அதனுடன் பால் வாடகையையும், அதன் பின் மகளின் படிப்பையும் இழந்திருக்கும்.

குதிரையை வேலைக்கு விடுவோர் அறியவேண்டிய சட்டமும் உண்டு. வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி, மட்டக்குதிரையின் முதுகில் 70 கிலோவுக்கு மேல் ஏற்றலாகாது. நாளில் ஒன்பது மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 பாகைக்கு மேற்படும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓட்டலாகாது. குழந்தைகள் ஏறுவதாயின், ஏறுவோரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கினுள் இருத்தல் நன்று. 200 கிலோ குதிரைக்கு அது 40 கிலோ.

வாங்குமுன் கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனைச் சான்றைக் கேட்டுப் பெறுக. அந்நோய் மனிதரையும் தொற்றும்; அது கண்ட குதிரையைக் கொன்று புதைப்பதன்றி வேறு வழியில்லை. அரசின் கால்நடைக் காப்பீட்டுத் திட்டத்தில் மட்டக்குதிரையும் அடங்கும். 2024-ஆம் ஆண்டு மத்திய அரசு செய்த முடிவின்படி, உடையவர் செலுத்த வேண்டிய பங்கு பிரீமியத்தில் நூற்றுக்குப் பதினைந்தாகக் குறைக்கப்பட்டது. வீடு தேடி வரும் கால்நடை மருத்துவ வண்டியைப் பல மாநிலங்களில் 1962 என்னும் எண்ணில் அழைக்கலாம்.

இனி, நம்மவருக்கே உரிய இடர் ஒன்றுண்டு. அது மாற்றல் உத்தரவு. பாத்திரங்களையும் பெட்டிகளையும் கட்டி எடுத்துக்கொண்டு போவது போலக் குதிரையைக் கொண்டுபோதல் எளிதன்று. போகும் ஊரில் கொட்டகையும் புல்லும் கிடைக்கும் என்பதும் உறுதியில்லை. உத்தரவு வந்த பின் பதினைந்து நாளில் கிடைத்த விலைக்கு எவரிடமோ தள்ளிவிட்டுச் செல்வது, அதுகாறும் நம் கையைத் தேடி வந்த ஜீவனுக்குச் செய்யும் தீங்காகும். ஆகையால் மாற்றலுக்கு உட்பட்ட உத்தியோகத்தில் உள்ளோர் சொந்தமாக வாங்காமல், அக்கம்பக்கத்துக் குதிரைக்காரர் ஒருவருடன் ஏற்பாடு செய்துகொள்ளுதல் நலம். மாதந்தோறும் தீவனத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டு, காலையில் தேய்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால், அவர்களுக்கும் பழக்கம் உண்டாகும். குதிரையும் வீடு மாற நேராது. விற்றே தீர வேண்டிய நிலை வந்தவர்கள், குதிரை மெலிந்த பிறகன்றி, அது நல்ல உடலோடு இருக்கும்போதே, அறிந்த வீட்டிற்கு, அதன் வழக்கங்களைச் சொல்லி ஒப்படைப்பார்களாக.

இவ்வளவும் படித்த பின்னும் ஆசை குறையாத வீட்டாருக்கு ஒரு சோதனை கூறுகிறோம். இன்று தொடங்கி மூன்று மாதம், குதிரை வந்துவிட்டதாகவே எண்ணி, தீவனத்திற்கும் லாடத்திற்கும் மருந்துக்குமான தொகையைத் தனியே ஒரு டப்பாவில் போட்டு வாருங்கள். பிள்ளைகள் நாள்தோறும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஒரு கட்டுப் புல் அறுத்து அண்டை வீட்டு மாட்டிற்குப் போட்டு வரட்டும். மழை நாளிலும் தேர்வு நாளிலும் அது நடக்கட்டும். மூன்றாம் மாத முடிவில் டப்பாவும் குறையாமல், பிள்ளைகளும் சலியாமல் இருந்தால், தயங்காமல் கொட்டகை போடலாம். டப்பா இடையில் திறக்கப்பட்டிருந்தால், அதிலுள்ள மிச்சத்தைப் பிள்ளைகளின் பெயரில் அஞ்சலகச் சேமிப்பில் போட்டுவிடுங்கள். அண்டை வீட்டு மாடு தின்ற புல்லுக்குக் கணக்குக் கேட்க வேண்டாம்.