மஞ்சள் ஜெர்சி: முதல் மூன்று நாள் யாருக்கு?

இந்த ஆண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் யார் ஜெயிப்பார் என்று கேட்டால், பதில் சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. 2020 முதல் 2025 வரை ஆறு பந்தயங்கள். அவற்றில் நான்கு ஸ்லோவேனியாவின் தடே பொகாச்சருக்கு, இரண்டு டென்மார்க்கின் ஜோனாஸ் விங்கெகோருக்கு. இருவரில் ஒருவர் பெயரைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. ஆனால், முதல் மூன்று நாள்களில் என்ன நடக்கும் என்று கேட்டால், பழுத்த நிபுணர்களே தலையைச் சொறிவார்கள்.

2026 பந்தயம் ஜூலை 4-ம் தேதி ஸ்பெயினின் பார்சிலோனாவில் தொடங்குகிறது. பிரான்ஸின் பந்தயம் அண்டை நாட்டில் தொடங்குவது புதிதல்ல. 2022-ல் கோபன்ஹேகன், 2023-ல் பில்பாவ், 2024-ல் ஃப்ளோரன்ஸ் என்று வெளிநாட்டு நகரங்கள் அந்த வாய்ப்பைப் பெற்றிருக்கின்றன. மொத்தம் 21 கட்டங்கள். தினமும் ஆகும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். அன்றைய நிலவரப்படி மிகக் குறைந்த நேரத்தில் வந்திருப்பவருக்கு மஞ்சள் ஜெர்சி.

பல ஆண்டுகளில் முதல் நாள் சமதளப் பாதையாக இருந்திருக்கிறது. கடைசிச் சில நூறு மீட்டரில் மின்னல் வேகத்தில் பாயும் ஸ்பிரின்டர்களின் நாள் அது. மலை வந்தால் அவர்கள் பல நிமிடங்கள் பின்தங்கிவிடுவார்கள். ஆக, வாழ்நாளில் ஒருமுறையாவது மஞ்சள் ஜெர்சி அணிய அவர்களுக்கு இருக்கும் வாசல் அந்த முதல் சில நாள்கள்தான். 2025-ல் லீல் நகரத்தில் முதல் நாள் ஜெயித்த பெல்ஜியத்தின் யாஸ்பர் பிலிப்சனுக்கு அது கிடைத்தது. மூன்றாவது நாளே கீழே விழுந்து கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து வீடு திரும்பினார். கிடைத்த நேரத்தில் ஜெயித்ததால் பெயராவது நின்றது.

இந்த முறை அந்த வாசலே மூடப்பட்டுவிட்டது. முதல் நாள் ‘டீம் டைம் ட்ரையல்’. அதாவது, அணியின் எட்டுப் பேரும் ஒன்றாகக் கிளம்பி, கடிகாரத்தோடு மோத வேண்டும். தூரம் 20 கிலோமீட்டருக்குள். 1971-க்குப் பிறகு டூர் இப்படித் தொடங்குவது இதுதான் முதல்முறை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய முறைப்படி, அணியில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கோட்டைத் தொடுபவரின் நேரம்தான் அணியின் நேரம். அதனால் ஒருவரையொருவர் விட்டுவிடாமல் ஓட்டுவார்கள். இம்முறை ஒவ்வொருவருக்கும் அவரவர் நேரம். பந்தயம் முடிவது 1992 ஒலிம்பிக் நடந்த மைதானம் இருக்கும் மோன்ஜுயிக் குன்றின் மேல். அடிவாரம் வரை எதிர்க்காற்றைத் தங்கள் நெஞ்சில் வாங்கிக்கொண்டு தலைவனை இழுத்துவருவார்கள் உதவி வீரர்கள். ஏற்றத்தில் ஒவ்வொருவராகக் களைத்து விலக, தலைவன் மட்டும் மேலே பறப்பார். உழைத்தவர்களின் நேரம் ஏற்றத்தில் கரைந்துபோகும். ஆகவே முதல் கணிப்பு: முதல் மஞ்சள் ஜெர்சி, பலமான அணியின் தலைவருக்கு.

இரண்டாம் நாள் தாரகோனாவிலிருந்து மறுபடி பார்சிலோனா, மறுபடி மோன்ஜுயிக். இங்கே கணிக்க நல்ல ஆதாரம் உண்டு. ஆண்டுதோறும் நடக்கும் கட்டலோனியா பந்தயத்தின் கடைசி நாள் இதே குன்றைச் சுற்றித்தான். அந்த நாளில் 2023-ல் ரெம்கோ எவனபூல், 2024-ல் பொகாச்சர், 2025-ல் பிரிமோஷ் ரோக்லிச் ஜெயித்தார்கள். மூவருமே மூன்று வாரப் பந்தயங்களை வென்ற பெரிய புள்ளிகள். குன்று சின்னதுதான், ஆனால் ஆள் பார்த்துத்தான் வழிவிடுகிறது. இரண்டாம் கணிப்பு: இங்கும் பெரிய தலைகளே முன்னால் வரும்.

மூன்றாம் நாள் கிரனோயர்ஸில் கிளம்பி, பிரான்ஸுக்குள் நுழைந்து, பிரனீஸ் மலையின் லெ ஆங்கிள் வரை. மூன்றாம் நாளே மலை என்றால் தலைவர்கள் அடித்துக்கொள்வார்கள் என்றுதான் தோன்றும். ஆனால், மஞ்சள் ஜெர்சி வெறும் கௌரவம் மட்டுமல்ல, சுமையும்கூட. அதை வைத்திருக்கும் அணிதான் நாள் முழுக்கக் கூட்டத்தின் முன்னால் நின்று உழைக்க வேண்டும். அணிந்தவருக்கு மேடை, பேட்டி என்று ஓய்வெடுக்கும் நேரமும் குறையும். அதனால் ஆபத்தில்லாத ஒருவரை முன்னே ஓடவிட்டு, ஜெர்சியைக் ‘கடன்’ கொடுப்பது புத்திசாலி அணிகளின் பழைய தந்திரம். 2025-ல் பத்தாவது கட்டத்தில் பொகாச்சரிடமிருந்து மஞ்சள் ஜெர்சி அயர்லாந்தின் பென் ஹீலிக்குப் போனது. இரண்டு கட்டங்கள் கழித்துத் திரும்பி வந்தது. மூன்றாம் கணிப்பு: முதல் வாரம் முடிவதற்குள் எதிர்பாராத ஒருவரின் தோளில் மஞ்சள் ஜெர்சி இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இவ்வளவும் காகிதக் கணக்கு. வானம் இதைப் படிப்பதில்லை. 2023 ஆகஸ்டில் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயம் இதே பார்சிலோனாவில் இதே டீம் டைம் ட்ரையலோடு தொடங்கியது. மழை கொட்டியது, இருட்டும் சேர்ந்துகொண்டது. யாரும் பெரிதாகப் பேசாத டிஎஸ்எம் அணி ஜெயித்தது. பலம்பொருந்திய யும்போ-விஸ்மா அரை நிமிடம் இழந்தது. மறுநாள் ஈரச் சாலைக்குப் பயந்து, கடைசி 9 கிலோமீட்டரின் நேரத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சரி, யும்போவின் கதை அத்தோடு முடிந்ததா? மூன்று வாரம் கழித்து முதல் மூன்று இடங்களும் அவர்களுக்கே. அதிலும் முதலிடம் பிடித்தவர் செப் கஸ். பிறருக்காக உழைத்தே பெயர் வாங்கிய உதவி வீரர்!

கோபன்ஹேகன் 2022-ம் அப்படித்தான். தனிநபர் ஓட்டத்தில் உலகப் புகழ்பெற்றவர்கள் காத்திருக்க, ஈரச் சாலையில் பெல்ஜியத்தின் ஈவ் லாம்பர்ட் எல்லோரையும் முந்தி மஞ்சள் ஜெர்சி வாங்கினார். எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் மேலே இருக்கவில்லை.

அப்படியானால் முதல் நாள்களுக்கு மதிப்பே இல்லையா? 1989-ஐக் கேட்டால் வேறு பதில் வரும். முந்தைய ஆண்டின் சாம்பியன், ஸ்பெயினின் பெத்ரோ டெல்காடோ லக்ஸம்பர்க்கில் நடந்த தொடக்கக் கட்டத்துக்கு 2 நிமிடம் 40 விநாடி தாமதமாக வந்து சேர்ந்தார். கடிகாரம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த நாள் டீம் டைம் ட்ரையலில் இன்னும் பல நிமிடங்கள் போயின. மூன்று வாரம் மலை மலையாகத் துரத்தியும் மூன்றாம் இடம்தான். வென்ற கிரெக் லெமாண்டைவிட 3 நிமிடம் 34 விநாடி பின்னால். இரண்டாமிடம் வந்த லோரன் ஃபின்யோன் தோற்றதோ வெறும் 8 விநாடியில்!

முதல் நாள்களில் டூர் டி பிரான்ஸை யாரும் ஜெயித்துவிட முடியாது. ஆனால், தோற்றுவிட முடியும். எனவே பார்சிலோனாவில் மேடை ஏறுபவரை ரசியுங்கள், கைதட்டுங்கள். கூடவே முடிவுப் பட்டியலில் கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கி, எந்தப் பெரிய பெயர் எத்தனை விநாடி பின்னால் நிற்கிறது என்றும் பாருங்கள். ஜூலை 26-ம் தேதி அந்தப் பெயருக்கு உரியவர் கணக்குப் போட்டுப் பார்க்கப்போவது அந்த விநாடிகளைத்தான்.