இல்லத்திரையில் இதிகாசம்

இதிகாசங்கள் தொலைக்காட்சித் தொடர்களாகி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகின்றன. இராமானந்த சாகரின் 'இராமாயணம்' இந்தியத் தூர்தர்சனில் 1987 சனவரி 25ஆந் திகதி தொடங்கி, 1988 யூலை வரை ஞாயிறுதோறும் காலையில் ஒளிபரப்பாயிற்று. பி. ஆர். சோப்ராவின் 'மகாபாரதம்' 1988 ஒக்டோபர் 2ஆந் திகதி தொடங்கி 94 பகுதிகளாக 1990 வரை நிகழ்ந்தது. பின்வந்தவை பல தமிழில் மொழிமாற்றம் பெற்று, டிஷ் அன்டெனாக்களின் வழியே நமது பன்வில மலைச்சரிவிலுள்ள லயத்து வீடுகளையும் வந்தடைந்துள்ளன. "சாமிக் கதைதானே, பிள்ளைகள் பார்க்கட்டும்" என்று பெற்றோர் கூறக் கேட்கின்றோம். சாமிக் கதை என்பதனாலேயே ஒரு தொடர் குடும்பத்தார் அனைவரும் பார்த்தற்குரியதாகிவிடுமா? ஆகாது என்பதே எமது கருத்து.

இதிகாசங்கள் சிறுவர்க்கென்று எழுந்தவையல்ல. அவற்றிற் சூதும் கொலையும் பிறன்மனை நயத்தலும் உள. ஆதலின், கதையில் என்ன உளது என்று கேட்பதிற் பயனில்லை. அஃது எவ்வாறு காட்டப்பெறுகிறது என்பதையே நோக்குதல் வேண்டும். இதற்குக் கம்பரே நமக்கு வழிகாட்டி. வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கூந்தலைப் பற்றித் தூக்கிச் செல்கின்றான். கம்பரோ, அவன் அவளைத் தீண்டாது பன்னசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் சென்றதாகப் பாடினார். ஆயினும், போர் முடிந்தபின் இராமன் சீதையை நோக்கிக் கூறும் கடுஞ்சொற்களை அவர் மறைத்தாரல்லர். கண்ணைக் கூசச் செய்வதை விலக்கினார். நெஞ்சைக் குத்துவதை விட்டுவைத்தார்.

சாகரின் தொடர் இவ்விடத்தில் வேறு வழி சென்றது. துளசிதாசரைத் தழுவி, இலங்கையிலிருந்தவள் மாயச் சீதையென்றும், மெய்ச்சீதை அக்கினியின் பாதுகாப்பில் இருந்தாளென்றும் காட்டிற்று. பெற்றோர்க்கு இஃது ஆறுதலளிக்கலாம். ஆனால், "குற்றமற்றவளை ஏன் தீயிலிறங்கச் செய்தார்கள்?" என்று எட்டாம் வகுப்பு மாணவி கேட்பதற்கு அங்கே இடமில்லாமற் போகின்றது. சோப்ராவின் தொடரிலோ, தன்னைத் தோற்றவன் தன்னைப் பணயம் வைத்தல் தகுமோ என்னும் பாஞ்சாலியின் வினா மழுங்காமல் ஒலிக்கின்றது. அதற்கு உரையாடல் எழுதியவர் ராகி மாசூம் ரசா என்னும் முசுலிம் எழுத்தாளர். பல சமயத்தார் கலந்து வாழும் கண்டி மாவட்டத்தார்க்கு இச்செய்தி உவப்பளிக்கும். அண்மைக்காலத் தொடர்கள் சிலவற்றில் அம்புகள் வானில் மோதுவதும், ஒரே முகத்தை மும்முறை காட்டி இடியிடிப்பதும் மிகுதி, வினாக்கள் குறைவு. (அவற்றின் தமிழைப்பற்றித் தனிக்கட்டுரையே எழுதலாம். நடிகரின் வாயசைவுக்கு ஏற்ப வாக்கியத்தை முறித்துப் பேசுவதை மாணவர் தம் கட்டுரைகளிலும் பின்பற்றத் தொடங்கிவிட்டனர்!)

நமது தோட்டங்களில் மாசியில் ஆடப்பெறும் காமன் கூத்தை நினைத்துப் பார்த்தல் நன்று. மன்மதன் எரிவதும் இரதி புலம்புவதுமே அதன் கதை. சிறுவர் முன்னிலையிலேயே அஃது ஆடப்பெறுகின்றது. அதனால் எவரும் கெட்டதாக நாம் அறியோம். காரணம், பக்கத்திற் பாட்டி இருக்கிறாள். பிள்ளை கேட்டவுடனே விடை கிடைக்கின்றது. தொலைக்காட்சியின்முன் பல வீடுகளிற் பிள்ளை தனித்திருக்கின்றது. கொழுந்து பறித்துக் களைத்து வந்த தாய் அடுப்படியில் நிற்கின்றாள். தொடர் வரும் மாலைப்பொழுதோ புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் படிக்கவேண்டிய பொழுது.

பழைய மாணவர் பலர் இன்று தந்தையர். எத்தொடரைப் பார்க்கவிடலாமென்று அவர்கள் எம்மை வினவுவதுண்டு. சாகரின் தொடரைச் சிறுவரும் பார்க்கலாம். தீக்குளிக்கும் பகுதியன்று தந்தையும் உடனிருந்து, கம்பர் அவ்விடத்தை எவ்வாறு பாடினாரென்று எடுத்துச் சொல்லட்டும். சோப்ராவின் பாரதத்தைப் பன்னிரண்டு வயது நிரம்பிய பின்னர், பெரியோருடன் பார்க்கலாம். சூதாட்டப் பகுதி முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு, அவையிலிருந்த பெரியோர் ஏன் வாய்திறக்கவில்லை என்று பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள்.